பேச்சு வராத அப்பா பாட்டு மட்டும் முழுசா பாடுதாங்க, மியூசிக் தெரபி உண்மையிலேயே உதவுமா?

கடனாநதி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கோங்க, யார்கிட்ட கேக்கன்னு தெரியாமதான் இங்க எழுதுதேன்.

எங்க அப்பாவுக்கு 66 வயசு. அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவங்க, பாதி சர்வீசுக்கு மேல திருநெல்வேலி தென்காசி ரூட்லதான். நாலு மாசத்துக்கு முன்னால ஒருநா காலைல பல்லு தேய்ச்சிட்டு நிக்கும்போதே வாய் ஒரு பக்கமா கோணி வலது கை தொங்கிப்போச்சு. எங்களுக்கு அது ஸ்ட்ரோக்குன்னு தெரியல. ராத்திரி சரியா தூங்கல, பித்தம் ஏறியிருக்கும்னு அக்கம்பக்கத்துல சொல்ல, சுக்குக் காப்பி போட்டு குடுத்து, கொஞ்சம் படுக்க வச்சு, மத்தியானம்தான் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனோம். ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போடணுமாம், அங்க போய்தான் தெரிஞ்சது. அத நெனச்சா இன்னும் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. இத படிக்கிற யாருக்காவது வாய் கோணுனா, கை விழுந்தா, பேச்சு குழறுனா கஷாயம் வச்சிட்டு இருக்காதீங்க, உடனே 108க்கு அடிங்க.

இப்போ கால் ஓரளவு பரவால்ல, புடிச்சிட்டு நடக்காங்க. கை வரல. பேச்சுதான் சுத்தமா போச்சு. வாயில இருந்து வர்ற ஒரே வார்த்தை "ரைட்". தண்ணி வேணும்னாலும் ரைட், கால் வலிச்சாலும் ரைட், கோவம் வந்தா ரைட் ரைட் ரைட்னு கட்டில்ல அடிக்காங்க. முப்பது வருசம் பஸ்ல சொன்ன வார்த்தை, அது மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கு. நாம சொல்லுதது எல்லாம் புரியுது, பேப்பர்ல போட்டோவ பாத்து ஆள் யாருன்னு தெரியுது, பேரு மட்டும் வர மாட்டேங்கு. டாக்டர் புரோக்காஸ் அஃபேசியான்னு எழுதியிருக்காங்க.

விஷயம் என்னன்னா, போன வாரம் எங்க தெரு அம்மன் கோயில் கொடைக்கு ரேடியோ செட் கட்டியிருந்தாங்க. சாயங்காலம் பழைய டிஎம்எஸ் பாட்டு ஒண்ணு ஓடுச்சு. அம்மா அரிசி களைஞ்சிட்டு இருந்தாங்க, நான் துணி மடிச்சிட்டு இருந்தேன், உள்ள இருந்து அப்பா குரல் கேக்கு. பாடுதாங்க! மொனங்கல் இல்ல, வார்த்தை வார்த்தையா, பல்லவி முழுக்க, சரணத்துல பாதி வரைக்கும். அம்மா ஈரக்கையோட ஓடி வந்து கதவுகிட்டயே நின்னுட்டாங்க. பாட்டு முடிஞ்சதும் நான் "அப்பா, இப்ப சொல்லுங்க, என் பேர் என்ன"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் என்னையே பாத்துட்டு "ரைட்"னு சொன்னாங்க. கண்ணு நெறஞ்சிருச்சு.

இதுல இன்னொரு வேதனை. பாட்ட கேட்டுட்டு போன எங்க சித்தப்பா, "பாட்டு வருதுல்லா, அப்போ பேச்சு மட்டும் ஏன் வராது, அண்ணன் மனசு வைக்க மாட்டேங்குதான், சும்மா நடிக்கான்"னு அப்பா முன்னாலயே சொல்லிட்டாங்க. அப்பா செவுத்த பாத்து திரும்பி படுத்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி சாப்பிடல.

எனக்கு தெரிய வேண்டியது: பாட வர்றவங்களுக்கு ஏன் பேச வரல? இந்த பாட்ட வச்சே பேச்ச கொண்டு வர முடியுமா? அப்புறம் வாட்ஸ்அப்ல ஒரு லிஸ்ட் வந்துச்சு, இந்த ராகம் கேட்டா பக்கவாதம் போகும், இந்த ராகம் பிபிக்கு, இது சுகருக்குன்னு. ஒரு இடத்துல விசாரிச்சா 21 நாள் ஹெட்போன் போட்டு ராகம் கேக்க வைக்க 18,000 ரூவா சொல்லுதாங்க. ஸ்பீச் தெரபி இப்போ வாரத்துக்கு ஒருநா மட்டும்தான், போக வரவே பாதி நாள் போயிருது. அந்த 18,000த்த கடன் வாங்கியாவது கட்டலாமா?

மதுரை_ஸ்பீச்:

நான் ஸ்பீச் தெரபிஸ்ட், 17 வருஷமா ஸ்ட்ரோக் வந்தவங்களோடதான் வேலை. முதல்ல உங்க சித்தப்பாவுக்கு சொல்ல வேண்டியத சொல்லிடுறேன்மா, அவர்கிட்ட இத அப்படியே படிச்சு காட்டுங்க. இது நடிப்பு இல்ல. இப்படி ஒருத்தர் இருந்தத 1745லயே சுவீடன்ல ஓலோஃப் டாலின்னு ஒருத்தர் எழுதி வச்சிருக்கார். அந்த ஆளுக்கும் வலது பக்கம்தான் விழுந்துச்சு, "ஆமா"ங்கிற ஒரு வார்த்தைய தவிர எதுவும் சொல்ல வராது, ஆனா நோய் வர்றதுக்கு முன்னாடி தெரிஞ்ச சர்ச் பாட்ட பக்கத்துல ஒருத்தர் எடுத்துக் குடுத்தா நல்லா இருக்கிறவங்க மாதிரியே தெளிவா பாடுவாராம். உங்க அப்பாவுக்கு ரேடியோ செட் எடுத்துக் குடுத்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஒத்த வார்த்தை "ரைட்" இருக்கே, அதுவும் எங்களுக்கு ரொம்ப பழக்கமான விஷயம். பாரிஸ்ல பால் புரோக்காங்கிற டாக்டர் 1861ல பாத்த நோயாளிக்கு "டான்"ங்கிற சத்தம் மட்டும்தான் வரும், எத கேட்டாலும் டான் டான், ஆஸ்பத்திரியில அவர் பேரே டான்னு ஆகிடுச்சு. அவர் செத்தப்புறம் மூளைய பாத்தப்போ இடது பக்கம் முன்பகுதியில சேதம் இருந்துச்சு. டாக்டர் எழுதியிருக்கிற பேரு அந்த புரோக்காவோட பேருதான்.

பேச்சுங்கிறது ஒவ்வொரு தடவையும் புதுசா கட்டணும். வார்த்தைய தேடி எடுக்கணும், வரிசையில வைக்கணும், நாக்குக்கும் உதட்டுக்கும் ஆர்டர் போகணும், அத்தனைக்கும் இடது பக்கத்து வயரிங் வேணும். பாட்டு அப்படி இல்ல, நாப்பது வருஷமா மனசுல இருக்கிற பாட்டு ஒரே கட்டா வெளிய வருது, ராகமும் தாளமும் அடுத்த வார்த்தைய இழுத்துட்டு வந்துடும், அதுக்கு வலது பக்கமும் கை குடுக்கும். அதே மாதிரி ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுறது, கிழமை பேர் சொல்றது, சாமி கும்பிடுற வரி, கோவத்துல வர்ற கெட்ட வார்த்தை, இதெல்லாம் பேச்சு போனவங்களுக்கும் பல சமயம் மிச்சம் இருக்கும்.

இத வச்சு பேச்ச கொண்டு வர ஒரு முறை இருக்கு. பேரு மெலடிக் இன்டோனேஷன் தெரபி, 1973ல பாஸ்டன்ல ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம்னு மூணு பேர் கொண்டு வந்தாங்க. அமெரிக்காவுல 2011 ஜனவரியில தலையில குண்டு பட்ட எம்பி கேபி கிஃபர்ட்ஸ் தெரியுமா, அவங்களுக்கும் இதே மாதிரி பேச்சு போய், மத்த பயிற்சியோட பாட்டையும் சேத்து வச்சுதான் வார்த்தைய திரும்ப புடிச்சாங்க.

வீட்ல எப்படி பண்ணலாம்னு சொல்றேன், ஆனா உங்க தெரபிஸ்ட்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு ஆரம்பிங்க. அப்பாவோட இடது கைய நீங்க புடிச்சுக்கோங்க. இடது கைதான், அது வலது மூளையோட கை. தினமும் தேவைப்படுற ஒரு சின்ன வார்த்தை எடுங்க, "காப்பி"ன்னு வச்சுக்கோங்க. "காப்"புக்கு கொஞ்சம் மேல சுருதி, "பி"க்கு கொஞ்சம் கீழ, ரெண்டே ரெண்டு சுரம் போதும், நல்லா இழுத்து, ஒவ்வொரு அசைக்கும் அவர் கையோட சேத்து ஒரு தட்டு. முதல்ல வார்த்தையே வேண்டாம், ம்ம் ம்ம்னு ஹம்மிங் மட்டும். அப்புறம் ரெண்டு பேரும் சேந்து பாடுங்க. அப்புறம் நீங்க பாதியில குரல தேய்ச்சு விட்டுடுங்க, அவர் முடிக்கட்டும். அடுத்து நீங்க சொல்லி முடிச்சப்புறம் அவர் தனியா. கடைசியாதான் "என்ன வேணும்ப்பா"ன்னு கேக்கிறது. ஒரு படியில தடுக்குச்சுன்னா முந்தின படிக்கு இறங்கிடணும், திட்டவும் கூடாது, "சொல்லுங்க சொல்லுங்க"ன்னு நச்சரிக்கவும் கூடாது. ஒரு வேளைக்கு 15 நிமிஷம், நாளைக்கு ரெண்டு தடவை, முகம் வாடுதுன்னா நிறுத்திடுங்க.

ஒரு முக்கியமான தப்பு நிறைய பேர் பண்றாங்க: தெரிஞ்ச சினிமா பாட்டு மெட்டுல "தண்ணி வேணும்"னு போட்டு பாட வைக்கிறது. அப்படி பண்ணா வாய் பழைய பாட்டு வரிக்கே ஓடிடும். மெட்டு புதுசா இருக்கணும், நாம பேசும்போது குரல் எப்படி ஏறி எறங்குதோ அதையே கொஞ்சம் பெருசாக்குனா போதும். நீங்க திருநெல்வேலிக்காரங்க, உங்க பேச்சுலயே ராகம் இருக்கு, அத அப்படியே எடுத்துக்கோங்க.

இது எல்லாருக்கும் ஒத்துவராது. புரியுற சக்தி நல்லா இருந்து, பேச மட்டும் வராதவங்களுக்குதான். சித்தப்பா சொன்னது புரிஞ்சு அப்பா சுவரப் பாத்து திரும்பினார் பாருங்க, அதுலயே எனக்கு நம்பிக்கை வருது. ஆனா நான் பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன். நெதர்லாந்துல பண்ண ஆராய்ச்சியில ஸ்ட்ரோக் வந்த முதல் சில மாசத்துல ஆரம்பிச்சவங்களுக்கு நல்ல பலன் தெரிஞ்சுது, வருஷக்கணக்குல கழிச்சு ஆரம்பிச்சவங்களுக்கு பழக்குன வாக்கியம் மட்டும் வந்துச்சு, அதுவும் ரொம்ப நாள் நிக்கல. பாஸ்டன்ல ஷ்லாக்ங்கிற டாக்டரோட குழு 6 பேருக்கு 75க்கும் மேல செஷன் குடுத்துட்டு ஸ்கேன் எடுத்தப்போ வலது மூளையில கேக்கிற பகுதியையும் பேசுற பகுதியையும் இணைக்கிற நரம்புக் கட்டு தடிச்சிருந்துச்சு. 75ங்கிறத கவனிங்க, 21 நாள் கதை இல்ல இது. நாலு மாசம்னா உங்களுக்கு நேரம் இன்னும் இருக்கு, நாளைக்கே தொடங்குங்க.

அப்புறம் ஜெர்மனியில ஸ்டால்னு ஒருத்தர் 2011ல சொன்னது, ராகத்த விட தாளமும் ஏற்கனவே பழகின வார்த்தையும்தான் பெரிய வேலை பண்ணுதுன்னு. அதப் படிச்சதுல இருந்து நான் என் பேஷன்ட்கிட்ட முதல்ல கேக்கிறது, நீங்க வாழ்க்கையில ஆயிரம் தடவை சொன்னது எது? உங்க அப்பாவுக்கு அது பாட்டு இல்லம்மா. ஊர் பேரு. அவர் பஸ் ரூட்ல வர்ற பேட்டைல இருந்து ஆரம்பிச்சு பாருங்க.

தண்ணி குடிக்கும்போது இருமல் வருதான்னும் பாருங்க, வந்தா உடனே டாக்டர்கிட்ட சொல்லணும்.

நொய்யல்கரை:

கண்ணு, உன்ற பதிவ படிச்சுட்டு நேத்து பூரா மனசு ஒரு நெலையில இல்லீங். எங்க வீட்டுக்காரருக்கும் ஆறு வருசம் முன்னாடி இதேதானுங்க. மில்லுல மேஸ்திரியா இருந்தவரு, அவருக்கு நின்ன வார்த்தை "இல்ல". எல்லாத்துக்கும் இல்ல. சோறு வேணுமான்னா இல்லம்பாரு, தட்ட எடுத்துட்டு போனா கைய புடிச்சு இழுப்பாரு.

தெரபிஸ்ட் அம்மா பயிற்சிய பத்தி சொல்லிட்டாங்க. நான் சொல்ல வர்றது மத்த நேரத்த பத்தி. ஒரு நாளுக்கு அரை மணி நேரம் பயிற்சின்னா மிச்ச நேரம் பூரா அந்த மனுசன் விட்டத்த பாத்துட்டு படுத்திருக்காரே, அது யாரு கணக்குல? பேச்சு போனவங்களுக்கு மனசு ஒடஞ்சு போறது ரொம்ப சாஸ்தி கண்ணு. எங்க நரம்பு டாக்டர் அப்போ சொன்னாரு, பின்லாந்துல ஹெல்சின்கியில 2008ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சாம், ஸ்ட்ரோக் வந்து படுத்திருக்கிறவங்கள மூணு குழுவா பிரிச்சு, ஒரு குழு தினமும் ஒரு மணி நேரமாச்சும் அவங்கவங்களுக்கு புடிச்ச பாட்டு கேக்கோணும், ஒரு குழு கதை ஆடியோ கேக்கோணும், ஒரு குழுவுக்கு ரெண்டும் இல்ல. ரெண்டு மாசம். பாட்டு கேட்டவங்களுக்கு ஞாபகமும் கவனமும் மத்தவங்கள விட நல்லா தேறிருச்சு, மனச்சோர்வும் கம்மியா இருந்துச்சுங்களாமா. டாக்டர் அழுத்தி சொன்னது ஒண்ணே ஒண்ணு, அது அவங்களே தேர்ந்தெடுத்த பாட்டு.

அதனால நான் ஒரு வேலை பண்ணுனேன். பேச்சு இல்லாத மனுசன்கிட்ட புடிச்ச பாட்டு எதுன்னு எப்படி கேக்கிறது? எங்க கல்யாணம் 1979. அந்த வருசத்த ஒட்டி வந்த பாட்டா யூடியூப்ல ஒண்ணொண்ணா போட்டு அவரு மொகத்தையே பாத்துட்டு உக்காந்தேன். புருவம் ஏறுச்சுன்னா நோட்டுல டிக்கு. கால் பெருவிரல் ஆடுச்சுன்னா ரெண்டு டிக்கு. மூணு நாள்ல 22 பாட்டு கெடச்சுதுங்க. பேரன் அத போன்ல வரிசையா ஏத்திக் குடுத்தான்.

ஒண்ணு பாத்துக்கோ. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு அழுகை சட்டுனு பொத்துக்கிட்டு வரும், நிறுத்த முடியாது, அது நோயோட ஒரு பகுதின்னு டாக்டர் சொன்னாரு. எங்க மாமியார் செத்தப்போ ஊட்ல ஓடிட்டு இருந்த ஒரு பாட்டு அந்த லிஸ்ட்ல இருந்துச்சு, எனக்கு அது தோணவே இல்ல. போட்டதும் ஒரு மணி நேரம் தேம்பித் தேம்பி அழுதாரு, மூச்சே வாங்கிருச்சு. அன்னைக்கே அத எடுத்துட்டேன். பாட்டு எப்பவும் நல்லதுதான் பண்ணும்னு நெனச்சுக்க வேண்டாம் கண்ணு, அது போய் எதைத் தொடும்னு நமக்கு தெரியாது, அதனால பக்கத்துல ஒரு ஆளு இருக்கோணும். நாள் பூரா டிவிய அலற விடறதும் வேண்டாம், அவங்களுக்கு தலை ரொம்ப சீக்கிரம் களைச்சுரும்.

அவரு போன வருசம் மாரடைப்புல போயிட்டாரு. பேச்சு முழுசா வரல, ஒரு முப்பது நாப்பது வார்த்தை வந்துச்சு. அதுல என்ற பேரும் இருந்துச்சுங்க. அதுக்கு ஏழு மாசம் ஆச்சு.

வெண்ணாறு:

அக்கா, நான் பேச்ச பத்தி சொல்ல ஆள் இல்ல, நடைய பத்தி ஒண்ணு சொல்றேன், உங்க அப்பா புடிச்சுட்டு நடக்குறார்னு எழுதியிருந்தீங்க அதனால.

எங்க அம்மாவுக்கு பார்க்கின்சன், 71 வயசு. கூடத்துல நல்லா நடந்து வருவாங்க, நிலைவாசல் வந்ததும் கால் ரெண்டும் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடும், உடம்பு மட்டும் முன்னாடி சாயும். ரெண்டு தடவை அப்படியே விழுந்து நெத்தியில தையல். பிசியோதெரபிஸ்ட் போன்ல மெட்ரோநோம் ஆப் போட்டு, டக் டக்னு வர்ற சத்தத்துக்கு கால் வைக்க சொன்னார். அமெரிக்காவுல மைக்கேல் தாட்னு ஒருத்தர் 1996ல பார்க்கின்சன் ஆளுங்களுக்கு மூணு வாரம் வீட்லயே இப்படி தாளத்துக்கு நடக்க வச்சு நடையோட வேகமும் அடியோட நீளமும் கூடுனத காட்டியிருக்காராம், ஸ்ட்ரோக்காரங்களுக்கும் இதே முறை பண்றாங்கன்னு சொன்னார். காதுல தாளம் விழுந்தா கால் அதுக்கு தானா சேந்துக்கும், உள்ள இருக்கிற கடிகாரம் கெட்டுப்போனவங்களுக்கு வெளியில இருந்து ஒரு கடிகாரம் குடுக்கிற மாதிரி.

ஆனா அம்மாவுக்கு அந்த டக் டக் சத்தம் சுத்தமா புடிக்கல, எரிச்சலாகி உக்காந்துட்டாங்க. எங்க அம்மா இருபது வருஷம் நடவுக்கு போனவங்க. நடவு பாட்டு எடுத்துக் குடுக்கிறதே எங்க அம்மாதான், அவங்க தன்னன்னானேன்னு இழுத்தா முப்பது பொம்பளைங்க குனிஞ்ச முதுகோட பின்னாடியே வருவாங்க, நான் வரப்புல உக்காந்து பாத்திருக்கேன். ஒரு நாள் வாசல்ல கால் ஒட்டிக்கிட்டப்போ எனக்கு வேற வழி தெரியல, கைய தட்டிக்கிட்டு நானே தன்னன்னானேன்னு ஆரம்பிச்சேன். எனக்கு குரலே கிடையாது. அம்மா நிமிந்து பாத்தாங்க, வாய் முணுமுணுத்துச்சு, வலது கால் எந்திரிச்சு நிலைய தாண்டி அந்தப் பக்கம் போச்சு. அப்புறம் இடது கால்.

இப்போ எங்க பெரியம்மா குரல்ல அத ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கோம். வேகம் முக்கியம் அக்கா. அவங்க சாதாரணமா நடக்கிற வேகத்த பிசியோ எண்ணி பாத்து அதே வேகத்துல ஆரம்பிச்சு, பழகினப்புறம் கொஞ்சமே கொஞ்சம் கூட்டுனார். நீங்களா வேகமான குத்துப்பாட்ட போட்டு நடக்க வச்சா விழுந்துடுவாங்க. பக்கத்துல ஒரு ஆள் புடிக்கிற தூரத்துல இருக்கணும், கண்டிப்பா. மாத்திரையும் நேரத்துக்கு குடுக்கணும், பாட்டு இருக்குன்னு அத விட்றக்கூடாது.

சுருதிப்பெட்டி:

அம்மாடி, நான் முப்பது வருஷமா வாய்ப்பாட்டு சொல்லிக் குடுக்கிறவன். ராகம்தான் என் சோறு, அதனால இத நான் சொன்னாதான் சரியா இருக்கும்: அந்த 18,000 ரூபாய கட்டாதீங்க. அந்தக் காசுல வாரத்துக்கு இன்னும் ரெண்டு நாள் ஸ்பீச் தெரபிக்கு ஆட்டோ வச்சு போயிட்டு வரலாம்.

ராகத்துக்கு சக்தி இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். நீலாம்பரிய மெதுவா பாடுனா குழந்தை தூங்குறத என் வீட்டுலயே பாத்திருக்கேன், தாலாட்டுக்குன்னே நம்ம ஆளுங்க அத வச்சிருக்காங்க. ஆனா இந்த நோய்க்கு இந்த ராகம்னு மாத்திரை சீட்டு மாதிரி எழுதி அனுப்புற அந்த லிஸ்ட்டுக்கு ஆதாரம் கிடையாது. ஒரே ராகத்த விளம்ப காலத்துல, அதாவது மெதுவா பாடுனா ஒரு குணம், துரிதத்துல, அதாவது வேகமா பாடுனா வேற குணம். இத பாடுறவங்க எல்லாருக்கும் தெரியும். இத்தாலியில பெர்னார்டின்னு ஒரு டாக்டர் 2006ல 24 பேர வச்சு இத அளந்தே பாத்திருக்கார். ஆறு வகை சங்கீதம், அதுல நம்ம சிதார் ராகமும் ஒண்ணு. மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் எந்த வகைங்கிறத விட பாட்டோட வேகத்துக்குதான் அதிகமா அசைஞ்சுது. வேகமானா ஏறுது, மெதுவானா எறங்குது. எனக்கு அதுல ரொம்ப பிடிச்ச விஷயம், நடுவுல ரெண்டு நிமிஷம் பாட்ட நிறுத்தினாங்க, அந்த மௌனத்துலதான் உடம்பு எல்லாத்தையும் விட நல்லா தளர்ந்துச்சு. கச்சேரியில நல்ல ஆலாபனை முடிஞ்சு வயலின் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நொடி சபையே மூச்சடங்கி இருக்குமே, அத அனுபவிச்சவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது.

அதனால பிபி மாத்திரைய நிறுத்திட்டு ராகம் கேளுங்கன்னு யாராவது சொன்னா அந்த இடத்த விட்டு எழுந்து வந்துடுங்க. உங்க அப்பாவுக்கு பிபி ஏறுனா இன்னொரு ஸ்ட்ரோக் வரலாம்.

முறையா படிச்சு இந்த வேலைய செய்றவங்களும் இருக்காங்க, அவங்களையும் சேத்து ஒதுக்கிடக்கூடாது. அமெரிக்காவுல மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டி 1944லயே இத பட்டப்படிப்பா ஆரம்பிச்சுது, போர்ல அடிபட்டு வந்த சிப்பாய்கள் வார்டுல பாட்டோட பலன கண்ணால பாத்த காலம் அது. இங்க பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில இசையும் மூளையும் பத்தி ஆராய்ச்சி பண்ண தனியா லேப் இருக்கு. புதுச்சேரியில மருத்துவக் கல்லூரியோட சேந்த இசை சிகிச்சை மையம் இருக்கு. எங்க போனாலும் மூணு கேள்வி கேளுங்க: நீங்க என்ன படிச்சீங்க, எங்க அப்பாவோட டாக்டர்கிட்ட பேசுவீங்களா, பலன் எப்படி அளப்பீங்க. பதில் சொல்ல தடுமாறுனா வேண்டாம்.

அப்பாவுக்கு பாட வந்துதுன்னு எழுதினீங்களே, அவர தனியா பாட விட்டுட்டு வீடியோ எடுக்காதீங்க. கூட உக்காந்து பாடுங்க. சுருதி சேரலைன்னாலும் பரவாயில்ல.

கடனாநதி:

அஞ்சு வாரம் ஆச்சு, பதில் போட முடியல, மன்னிச்சிக்கோங்க. எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்லன்னு தெரியல. ஹெட்போன் இடத்துக்கு போகல. அந்த காசுக்கு பதிலா வாரம் மூணு நாள் தெரபிக்கு போறோம், ஆட்டோக்கார அண்ணன் மாச வாடகைக்கு ஒத்துக்கிட்டாங்க.

மதுரை அக்கா, நீங்க சொன்ன அன்னைக்கு சாயங்காலமே பண்ணி பாத்தேன். அப்பாவ நாற்காலியில உக்கார வச்சு, இடது கைய புடிச்சு தொடையில தட்டிக்கிட்டே, அவங்க பஸ்ல கூப்பிடுற ராகத்துலயே "பேட்டைஐஐ"ன்னு இழுத்தேன். சின்ன வயசுல லீவுக்கு அவங்க பஸ்லயே போயிட்டு வந்தவ நான், அந்த ராகம் எனக்கு மறக்கல. அப்பா ஒரு மாதிரி பாத்தாங்க. ரெண்டாவது தடவை "பேட்டை"ன்னதும் வாய் அசைஞ்சுது, "சீதபற்பநல்லூர்"னு நான் ஆரம்பிக்கும்போது "நல்லூர்"ல அவங்க சேந்துட்டாங்க. மாறாந்தைய ரெண்டு பேரும் சேந்து சொன்னோம். அப்புறம் நான் நிறுத்திட்டேன், நெஞ்சு அடிக்கு, "ஆலங்குளம்ம்ம் எறங்கு"ன்னு அப்பா மட்டும் சொல்லுதாங்க! பாவூர்சத்திரம், தென்காசி, கடைசி வரைக்கும் போயிட்டு "ரைட்"னு முடிச்சாங்க. அந்த ரைட் சரியான ரைட், பஸ் போய் சேந்த ரைட். அம்மா அழுதாங்க, நானும்தான்.

சித்தப்பா மறுநா வந்தாங்க. உங்க பதில நான் படிக்கல, அவங்க கையிலயே போன குடுத்துட்டேன். ரொம்ப நேரம் படிச்சாங்க, ஒண்ணும் சொல்லல. அப்பா பக்கத்துல போய் உக்காந்து காலப் புடிச்சு விட ஆரம்பிச்சாங்க. இப்போ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து ரெண்டு பேரும் சேந்து பழைய பாட்டு பாடுதாங்க. நொய்யல்கரை அம்மா சொன்ன மாதிரி நோட்டு போட்டு புருவத்த பாத்து 14 பாட்டு எடுத்து வச்சிருக்கேன்.

காப்பி மட்டும் லேசுல வரல. ஹம்மிங் மூணு நாள்ல வந்துச்சு, சேந்து சொல்லுதது ரெண்டு வாரம் ஆச்சு, அதுக்கப்புறம் முட்டுச்சுவர். நான் குரல விட்டா அவங்களும் விட்டுருவாங்க. நடுவுல ஒருநா கோவத்துல கைய உருவிட்டு தலையணைய தூக்கி எறிஞ்சாங்க, அன்னைக்கு நிறுத்திட்டேன். முந்தாநா சாயங்காலம் நான் வீட்ல இல்ல. அப்பா கட்டில் சட்டத்துல இடது கையால ரெண்டு தட்டு தட்டி, மேல ஒண்ணு கீழ ஒண்ணா "காப்... பி"ன்னாங்களாம், யாரும் கேக்காமலே. அம்மா அடுப்படிக்கு போனவங்க பால அடுப்புல வச்சிட்டு பத்த வைக்காமலே நின்னுட்டு இருந்திருக்காங்க, நான் வந்துதான் பத்த வச்சேன்.

இப்போ ஒரு சந்தேகம். நேத்துல இருந்து தண்ணிக்கும் காப்பிங்காங்க, பாத்ரூம் போகணும்னாலும் தட்டிட்டு காப்பிங்காங்க. இது தப்பா பழகிருச்சா, இல்ல இப்படித்தான் இருக்குமா?

மதுரை_ஸ்பீச்:

ரொம்ப சந்தோஷம்மா, ரெண்டு தடவை படிச்சேன். பயப்படாதீங்க, புது வார்த்தை கிடைச்சா கொஞ்ச நாள் எல்லாத்துக்கும் அதுவே வரும், நாங்க அடிக்கடி பாக்கிறதுதான். தப்புன்னு சொல்லி மறுக்காதீங்க. ஒரு கையில டம்ளர் தண்ணி, ஒரு கையில காப்பி, ரெண்டையும் கண்ணுக்கு நேரா காட்டுங்க, அவர் எத தொடுறாரோ அத நீங்க தட்டி பாடி காட்டிட்டு குடுங்க. "தண்ணி"க்கு தட்டு ரெண்டுதான், ஆனா சுருதிய மாத்திடுங்க, கீழ இருந்து மேல போகட்டும், அப்போ காப்பியோட குழம்பாது. பாத்ரூமுக்கு இப்போதைக்கு வார்த்தை வேண்டாம், ஒரு படம் வரைஞ்சு கட்டில் பக்கத்துல ஒட்டிடுங்க, அவசரத்துக்கு பயிற்சி பண்ண முடியாது. நீங்க கேட்டதும் மனசுக்குள்ள பத்து எண்ணுற வரைக்கும் வாய திறக்காதீங்க, அம்மாவையும் திறக்க விடாதீங்க. அந்த பத்து எண்ணிக்கை அவருக்கு வேணும். அடுத்த வாரம் எப்படி இருக்குன்னு எழுதுங்க.